ஓடும், நிற்கும், கொத்தும்

1997 மார்கழி. நானும் நண்பனும் திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்கு ஒரே சைக்கிளில் போனோம். எதிரே வாடைக்காற்று. என் பைக்குள் ஜி. எம். ஹென்றி 1955இல் எழுதிய இலங்கைப் பறவைகள் நூல். அவன் கழுத்தில் மாமாவின் பழைய பைனாகுலர்.

வழியில் ஒரு சென்றியில் மறித்தார்கள். "ஆரைப் பார்க்க இது?" "உள்ளான் பார்க்க" என்றான் நண்பன். புத்தகத்தை விரித்துக் காட்டியும் நம்பவில்லை. இரண்டு மணித்தியாலம் தூறலில் நிற்கவைத்து, பைனாகுலரை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அது திரும்பி வரவே இல்லை.

வெறுங்கண்ணோடு உப்பளத்து வரம்பில் குந்தியிருந்தோம். நிறம் தெரியாத தூரம். அதனால் நடையைப் பார்த்துப் பழகினோம். உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓடும். கொசு உள்ளான் அப்படியில்லை. தையல் மெஷின் ஊசிபோல விடாமல் குத்திக்கொண்டே போகும். முப்பது கிராம்கூடத் தேறாத அந்த உடம்பு சைபீரியாவின் வடகோடியிலிருந்து வந்தது என்று புத்தகத்தில் படித்து, அன்று முழுக்க அதையே பேசினோம்.

போன தையில் அவன் கனடாவிலிருந்து வந்தான். நல்ல பைனாகுலர், முக்காலி வைத்த தொலைநோக்கி. இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி, குச்சவெளி, புல்மோட்டை என்று கொக்கிளாய் வரை மோட்டார் சைக்கிளில் போனோம், ஒருவரும் மறிக்கவில்லை. 1951இலேயே பறவைகளுக்கென ஒதுக்கிய களப்பு அது. ஆழமில்லாத நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. அவன் நெடுநேரம் பேசவில்லை.

திரும்பும்போது நிலாவெளிக் கரையில் நின்றோம். அலை தொடும் தூரத்தில் ஹோட்டல்கள், நாய்கள், பிளாஸ்டிக் போத்தல்கள். பத்து நிமிடத்துக்குள் ஒரே உப்புக்கொத்திக் கூட்டம் நாலு தரம் கலைந்து எழுந்தது. இளவேனிலில் வடக்கே திரும்ப அவற்றுக்கு உடம்பில் கொழுப்புச் சேரவேண்டும். வீணாகப் பறக்கும் ஒவ்வொரு முறையும் அது கரைகிறது. எதிரே கடலில் புறாமலை. 2003இல் தேசியப் பூங்காவானது. மாரியில் கடல் கொந்தளிப்பதால் படகுகள் போவதில்லை. அங்கே கூடுகட்டும் மாடப்புறாக்களுக்கு அந்தச் சில மாதம்தான் ஓய்வு.

நண்பன் தொலைநோக்கியை விட்டு விலகி, வெறுங்கண்ணால் பார்த்தான். "மச்சான், ஓடி நிண்டு கொத்துது பார்" என்றான்.

தை மாதம் இந்தக் கரைக்கு வருகிறவர்களை ஒன்று கேட்கிறேன்: பறக்கிற படம் எடுப்பதற்காக அந்தக் கூட்டத்துக்குள் ஓடாதீர்கள். தள்ளி நின்று பாருங்கள்.