எவர்சில்வர் டப்பாவுக்குள் ஒரு போன்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும், தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு திண்ணையில் இவர் உட்கார்ந்திருப்பார். பேர் எதுவாகவும் இருக்கலாம். தெரு வைத்த பேர் 'ஒட்டுக்கேட்பு அண்ணன்'. நாம் வாயெடுத்ததும் உதட்டில் விரல் வைத்து, சட்டைப் பையிலிருக்கும் போனைக் கண்ணாலேயே காட்டுவார். அதை உள்ளே கொண்டுபோய் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, மேலே குழவிக்கல்லையும் வைத்துவிட்டு வந்து, "இப்ப சொல்லு" என்பார். நாம் சொல்ல வந்தது, நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்பது.

அடுத்த நிமிஷம் டப்பாவுக்குள்ளிருந்து கந்த சஷ்டி கவசம் கிளம்பும். யாரோ கூப்பிடுகிறார்கள். குழவிக்கல் லேசாக ஆடும்.

அவர் பயத்தை முழுதாகச் சிரித்துத் தள்ளவும் முடியாது. 2021 ஜூலையில் பெகாசஸ் என்ற வேவு மென்பொருள் விவகாரம் வெடித்தது. எந்த லிங்க்கையும் அழுத்த வேண்டாம், அழைப்பை எடுக்கக்கூட வேண்டாம். அது பாட்டுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் என்றார்கள். உச்ச நீதிமன்றம் ஓய்வு பெற்ற நீதிபதி ரவீந்திரன் மேற்பார்வையில் நிபுணர் குழு அமைத்தது. சந்தேகப்பட்டுக் கொடுக்கப்பட்ட 29 போன்களில் 5-ல் ஏதோ தீங்கு மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று சொல்லத் தீர்மானமான ஆதாரமில்லை என்று 2022 ஆகஸ்டில் தெரியவந்தது. இதில் அண்ணன் மனப்பாடம் செய்தது '29-ல் 5' மட்டும்.

"ஆறு போனுக்கு ஒண்ணு, தம்பி. நம்ம தெருவுல எத்தினி போன் இருக்குதுன்னு நீயே எண்ணிக்க."

அந்தச் சரக்கை அரசாங்கங்களுக்கு மட்டும்தான் விற்கிறோம் என்று அதைச் செய்த இஸ்ரேல் நிறுவனம் சொல்கிறது, உங்களை எந்த அரசாங்கம் அண்ணே வேவு பார்க்கப் போகிறது என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வேவு பார்க்கப்படுவது பயம். வேவு பார்க்க லாயக்கில்லை என்பது அவமானம்.

இவ்வளவு உஷாரானவர் போனில், தறிக்குழியில் விழுந்த நாடாவைத் தேடுவதற்கென்று ஒரு டார்ச் ஆப் உண்டு. இருக்கும் இடம், எண்கள், மைக் எல்லாவற்றுக்கும் 'அலோ' அழுத்திய பிறகுதான் அது வெளிச்சம் கொடுத்தது. அவரும் அழுத்தினார். 2013-ல் அமெரிக்காவில் இப்படித்தான் ஒரு டார்ச் ஆப், ஆள் இருக்கும் இடத்தை விளம்பரக்காரர்களுக்குக் கொடுத்து, அந்நாட்டு வர்த்தக ஆணையத்திடம் மாட்டியது. சொன்னேன். "அது அமெரிக்கா டார்ச்சு" என்றார்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னதை அண்ணியிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பாடானதும் அண்ணி அண்ணனுடைய போனை எடுத்து, யார் யார் பேசினார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். இதை அண்ணன் வேவில் சேர்ப்பதில்லை.

நெசவாளருக்கு உண்மையிலேயே ரகசியம் என்று ஒன்று உண்டென்றால் அது டிசைன். அண்ணன் ஒரு கோர்வைச் சேலை போட்டிருந்தார். அரக்கு உடல், பச்சைக் கரை, கரையில் அன்னப்பட்சி. கரைநாடா தள்ள வந்த பையனுடைய போனைக்கூட வாங்கித் திண்ணையிலேயே வைத்துவிட்டார். சேலை அறுத்து மூன்று வாரம் ஆகவில்லை, அதே அன்னப்பட்சி விசைத்தறிச் சேலையில் காந்தி ரோட்டில் தொங்குகிறது.

"பாத்தியா? கேமரா தானா திறந்து படம் புடிச்சு அனுப்பிடுச்சி!"

உள்ளேயிருந்து மருமகள் குரல் கொடுத்தாள்: "மாமா, நீங்கதானே ஸ்டேட்டஸ் வச்சீங்க? ரோஜாப்பூ எல்லாம் போட்டு?"

"அது நம்ம ஆளுங்களுக்கு வச்சது."

"உங்க போன்ல அறுநூறு பேரு இருக்காங்க. பாதிப்பேரு ஜவுளிக் கடைக்காரங்க."

அண்ணன் கொஞ்ச நேரம் குழவிக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன சித்ரா பௌர்ணமியன்று நெல்லுக்காரத் தெருவில், சித்திரகுப்தர் கோயில் வரிசையில் அவரைப் பார்த்தேன். ஏடும் எழுத்தாணியுமாக ஊர் உலகத்தின் வரவு செலவையெல்லாம் எழுதுகிற சாமி. சன்னதி நெருங்கியதும் அண்ணன் அவசரமாகப் போனை அணைத்து, வேட்டி மடிப்பில் செருகினார். பக்தி என்று நினைத்து, நல்ல பழக்கம் அண்ணே என்றேன்.

"அதுக்கில்ல தம்பி" என்று காதோரம் குனிந்தார். "அதுவும் எழுதி வச்சிருக்குது, இவரும் எழுதி வச்சிருக்காரு. ரெண்டு பேரும் கணக்கை ஒப்பிட்டுப் பாத்துட்டா நான் இன்னா பண்றது?"