சேவலோடது தனி டப்பாவுல

ஏலே பேராண்டி, போன தீவாளிக்கு உன் ஆராய்ச்சியை விளக்குனியே, பாதி புரிஞ்சுது. எரிபொருள் மின்கலத்துல ஆக்சிஜனுக்கு நாலு எலக்ட்ரான் ஊட்டித் தண்ணியாக்கணும். அது சோத்துக்கு அடம் பிடிக்கிற பிள்ளை. ரெண்டு வாய் வாங்கிட்டு ஹைட்ரஜன் பெராக்சைடா எந்திரிச்சு ஓடிரும். நாலையும் ஊட்டுறதுக்குப் பிளாட்டினம் வேணும். அது விக்கிற வெலைக்கு, நீங்க வெறுங்கரியை வச்சே ஊட்டப் பாக்கீக.

2009-ல அமெரிக்காவுல லிமிங் டாய் கூட்டம் கார்பன் நானோகுழாய்ல நைட்ரஜனைச் சேத்து, காரக் கரைசல்ல பிளாட்டினத்தையே முந்திக் காட்டுச்சு. நைட்ரஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்க, பக்கத்துக் கார்பன் ஆக்சிஜனைப் பிடிச்சுக்கிடுதாம். நல்ல வேலைதான், குத்தம் சொல்லல. அதுக்கப்புறந்தான் திருவிழா. ஒருத்தன் போரான் போட்டான், ஒருத்தன் பாஸ்பரஸ், இன்னொருத்தன் கந்தகம். ஆளுக்கொரு சிட்டிகை, சிட்டிகைக்கொரு கட்டுரை.

பொறுக்க மாட்டாம, 2020-ல பிராக் நகரத்து மார்ட்டின் புமேரா கூட்டாளிகளோட சேந்து பறவை எச்சத்தை கிராபீன்ல சேத்துச் சூடாக்கிப் பாத்தாரு. வெறும் கிராபீனை விட நல்லா வேலை செஞ்சுது! எச்சத்துல நைட்ரஜன், பாஸ்பரஸ், கந்தகம் எல்லாம் ஓசியில கெடக்குல்லா. ஏ.சி.எஸ். நானோவுல அச்சாயிருக்கு, தலைப்பை மட்டும் ஆச்சி முன்னால வாசிச்சிராத.

அதே மனுசன் 2013-லயே இன்னொன்னு சொன்னாரு. கிராபீன் செய்யப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடுதீகள்ல, அதுல உள்ள மாங்கனீசு துளி ஒட்டி நின்னு வேலையைப் பாக்கு. பேரு மட்டும் 'உலோகமில்லா வினையூக்கி'. நேத்து ஆட்டுக்கறி வச்ச சட்டியைக் கழுவாம பருப்பு வச்சு, சைவக் குழம்புன்னு பரிமாறுத கதை.

அதனால எழுதுறதுக்கு முன்னால சட்டியை மோந்து பாரு. பத்து லட்சத்துல எத்தனை பங்கு மாங்கனீசு, எத்தனை இரும்புன்னு அளந்து போடு. துணை மின்முனைக்குப் பிளாட்டினக் கம்பியை மாட்டிட்டு, அது கரைஞ்சு வந்து உன் கரியில படியறதை உன் சாமர்த்தியம்னு எண்ணிராத. கிராஃபைட் குச்சி போதும். அமிலக் கரைசல்லயும் ஓட்டிப் பாரு. காரத்துல துள்ளுற கரி பலதும் அங்க படுத்துரும்.

இல்ல, தை பொறக்கதுக்குள்ள கட்டுரை வேணும்னு அவசரமா? நம்ம கூண்டுல ஒம்போது கோழி, ஒரு சேவல். சேவலோடதைத் தனி டப்பாவுல எடுத்து வச்சிருக்கேன், 'ஒப்பீட்டு மாதிரி'ன்னு போட்டுக்கோ. வரும்போது சாக்கு மட்டும் நீயே கொண்டாந்துரு.