மூன்றாவது குழி

74 நிமிடத்தில் முடிந்த தமிழ்ப் படம் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. அந்த நேரத்துக்கு இரண்டு பாட்டு போயிருக்கும், வில்லன் அப்போதுதான் காரைவிட்டு இறங்கிக்கொண்டிருப்பான். ஆனால் 1993-ல் பிலிப்ஸ், சோனி, ஜே.வி.சி., மட்சுஷிடா நான்கும் கூடி வி.சி.டி.க்கு விதி எழுதியபோது, ஒரு சி.டி.க்கு 74 நிமிடப் படம் என்றே அமைந்தது. அமெரிக்கர்கள் அதைச் சீண்டவில்லை; ஆசியா அள்ளிக்கொண்டது. நமக்குச் சாதாரணப் படம் என்றால் இரண்டு சி.டி., ‘படையப்பா’ போல மூன்று மணி நேரம் என்றால் மூன்று. ஒன்று முடிந்ததும் யாராவது எழுந்துபோய் மாற்ற வேண்டும். அந்த யாராவது யார் என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை.

இந்தச் சண்டையைத் தீர்க்க வந்தது மூன்று சி.டி. பிளேயர். அப்பா சித்தப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போனார். “மூணையும் போட்டுட்டு சாஞ்சு உக்காருங்க சார், படம் முடியிற வரைக்கும் எந்திரிக்கவே வேணாம்” என்றாராம் கடைக்காரர். விலையைக்கூட அப்பா அப்புறம்தான் கேட்டிருக்கிறார். புகழ்பெற்ற ஜப்பான் கம்பெனி ஒன்றின் பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது பெட்டியின் மேல். அவசரத்தில் அச்சடித்துவிட்டார்கள் என்று அம்மா பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டாள்.

பொத்தானை அழுத்தினால் அகலமான தட்டு ஒன்று நாக்கை நீட்டும். அதில் மூன்று வட்டக் குழிகள். இன்னொரு பொத்தானில் தட்டு ராட்டினம் சுற்றி அடுத்த குழியைக் காட்டும். முதல் வாரம் யாரும் படமே பார்க்கவில்லை, தட்டு சுற்றுவதைத்தான் பார்த்தோம்.

வசதிகளுக்குக் குறைவில்லை. ‘டைஜஸ்ட்’ என்றொரு பொத்தான் திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, சி.டி.யின் ஒன்பது இடங்களை ஒரே நேரத்தில் காட்டும். அம்மா கடைசி சி.டி.யில் அதை அழுத்தி ஒரு பார்வை பார்ப்பாள். “சேந்துடுறாங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். முன்பக்கத்தில் இரண்டு மைக் துளைகள், பக்கத்தில் ‘எக்கோ’ திருகு. கிழக்காசியாவில் குடும்பத்தோடு உட்கார்ந்து கரோக்கி பாடுகிறவர்களுக்காக வைத்தவை. எங்கள் வீட்டில் கரோக்கி சி.டி. கிடையாது. அதனால் சித்தப்பா டி.எம்.எஸ். பாடிக்கொண்டிருக்கும்போதே கூடப் பாடினார். எக்கோவை முழுக்கத் திருகிவிட்டால் தன் குரல் அச்சு அசல் டி.எம்.எஸ். குரலாகவே இருக்கிறது என்பது அவர் கட்சி. காரணத்தை எடுத்துச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

எழுந்திருக்கவே வேண்டாம் என்ற ஏற்பாட்டைக் கவிழ்த்தது பாட்டி. மூன்றாவது குழியில் கந்த சஷ்டி கவசத்தை வைத்தாள். காலையில் கேட்டு முடித்ததும் எடுத்துவிடலாம் என்றால் ஒப்பவில்லை. “அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது, உங்களுக்குத்தான் ரெண்டு இருக்கே?” முருகனை வெளியேற்றும் துணிச்சல் அப்பாவுக்கு இல்லை. ஆக, மூன்றுக்கு விலை கொடுத்து வாங்கிய இயந்திரம் இரண்டுக்கு மட்டும் உழைத்தது. இரண்டாவது சி.டி. முடிகிற இடம் பெரும்பாலும் கதாநாயகனைக் கட்டிப்போட்டு வில்லன் கத்தியை ஓங்குகிற இடம். திரை இருளும், தட்டு கிர்ரென்று சுற்றும், சூலமங்கலம் சகோதரிகள் தொடங்கிவிடுவார்கள். பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். கதாநாயகன் பிழைத்ததற்கு இதுதான் காரணம் என்றும் நம்பினாள். மூன்றாவது சி.டி.யைப் போட்டுப் பார்த்தால் பிழைத்துத்தான் இருப்பான், அதனால் வாதாட வழியில்லை. அதைப் போடுவதற்கு ஒருவர் எழுந்துபோக வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது சி.டி. கடைசிவரை ஓடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. கிராமபோன் தட்டு வெளியிலிருந்து உள்ளே பாடும், சி.டி. அதற்கு நேர் எதிர், நடுத்துளைப் பக்கம் தொடங்கி விளிம்பை நோக்கிப் போகும். டைட்டில் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்க, கிளைமாக்ஸ் வெளியோரத்தில், நாம் கை வைக்கிற இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். வாடகைக் கடையிலிருந்து வரும் சி.டி.யின் ஓரத்தில் ஊர்க்காரர்கள் அத்தனை பேரின் விரல் ரேகையும் இருந்தது, சிலருடையது பஜ்ஜியோடு. எங்கள் தெருவில் டைட்டில் ஓடாத படம் கிடையாது, கிளைமாக்ஸ் ஓடிய படம் அபூர்வம். படம் சதுரம் சதுரமாக உடையும். வில்லனின் மீசை கதாநாயகியின் நெற்றியில் போய் நிற்கும்.

உடனே சித்தப்பா சி.டி.யை வெளியே எடுத்து, பனியன் நுனியால் சந்தனம் அரைப்பதுபோல வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத்தான் துடைக்க வேண்டும். பாதைக்குக் குறுக்கே விழுந்த கீறலை இயந்திரம் சமாளித்துக்கொள்ளும், சுமார் 2.5 மி.மீ. வரை அழிந்துபோனதைக்கூடக் கணக்குப் போட்டு நிரப்பிவிடும். பாதையோடு பாதையாக வளைந்து போகிற கீறல் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும், அப்போது கணக்கு உதவாது. இதைச் சொன்னால், “நான் டெக் காலத்துலேருந்து துடைச்சிட்டிருக்கேன்” என்பார். டெக்கில் கேசட்தான் போடுவார்கள்.

அத்தை மகள் கல்யாண வி.சி.டி.யும் மூன்று பாகம். நடு சி.டி.யில் முகூர்த்தம். எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்த பிறகு அந்த நடு சி.டி.யைக் காணவில்லை. மாப்பிள்ளை அழைப்பு இருக்கிறது, சாப்பாட்டுப் பந்தி இருக்கிறது, தாலி கட்டியதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. பொறாமையில் ஒளித்துவிட்டோம் என்று அத்தை ஊரெல்லாம் சொன்னாள். பொங்கல் சீர் வாங்கிக்கொண்டாளே தவிர, அம்மாவிடம் பேசவில்லை.

பிறகொரு கோடையில் தட்டு தானாக வெளியே வருவதும் உள்ளே போவதுமாக இருந்தது. பகல் தூக்கத்திலிருந்து எழுந்த பாட்டி, அது தன்னைப் பார்த்து நாக்கை நீட்டுகிறது என்றாள். மெக்கானிக் வந்து, “பெல்ட்டு லூசு சார்” என்றார். தட்டை இழுப்பது உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பெல்ட், வெயிலில் தளர்ந்துபோயிருந்தது. எந்தக் குழி முன்னால் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும் சென்சாரிலும் தூசி. மூடியைக் கழற்றிக் கவிழ்த்தபோது ஒரு சீப்பின் பல், இரண்டு கரப்பான் ஆகியவற்றோடு முகூர்த்தமும் வெளியே வந்தது. குழியில் சரியாக உட்காராத சி.டி., தட்டு சுற்றும்போது நழுவி, பின்னால் விழுந்திருக்கிறது. அப்பா அன்று மாலையே அத்தை வீட்டுக்கு அதை மஞ்சள் பையில் போட்டு எடுத்துப்போனார். கூடவே மெக்கானிக்கையும் அழைத்துப்போனார், சாட்சிக்கு.

2004-ல் தமிழக அரசு திருட்டு வி.சி.டி.க்காரர்களையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. வாடகைக் கடையின் முன்வரிசை சி.டி.க்கள் சில பிள்ளையார் படத்துக்குப் பின்னால் குடிபோயின. அதற்குள் டி.வி.டி.யும் வந்துவிட்டது. எதிர்வீட்டு மாமாவின் பையன் நியூஜெர்சியிலிருந்து ஐந்து டிஸ்க் டி.வி.டி. பிளேயர் கொண்டுவந்தான். டி.வி.டி. ஒன்றில் 4.7 ஜி.பி. இடம், முழுப் படமும் ஒன்றிலேயே அடங்கும். ஐந்து குழி எதற்கு என்பதற்கு உட்கார்ந்த இடத்தில் ஐந்து படம் பார்க்கலாம் என்றார் மாமா. ரிட்டயரானவர், சொல்லலாம்.

அது 110 வோல்ட் இயந்திரம். அதற்கென்று ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கினார்கள், பிளேயரைவிட அதுதான் கனம். அடுத்தது ரீஜன். தமிழன் நிலத்தை ஐந்து திணையாகப் பிரித்தான் என்றால், ஹாலிவுட்காரர்கள் டி.வி.டி.க்காக உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்திருந்தார்கள். அமெரிக்கா முதல் மண்டலம், நாம் ஐந்தாவது. நம் வரிசையில் ஐந்தாவது பாலை என்பது பொருத்தம்தான். மாமா ஆசையாக வாங்கிவந்த டி.வி.டி. எதையும் அது தொடவில்லை. பையன் அங்கிருந்தே கொண்டுவந்த ஐந்து படங்கள் மட்டும் ஓடின. அதுவும் மாமாவின் பழைய டி.வி.க்கு அமெரிக்கக் கலர் முறை புரியாததால் கறுப்பு வெள்ளையில். ‘டைட்டானிக்’ முழுவதையும் அப்படியே பார்த்து முடித்த மாமி, “பழைய படம் பழைய படம்தான், இப்பல்லாம் யார் இப்படி எடுக்கறா?” என்றாள்.

எங்கள் பிளேயரில் கடைசியாக லென்ஸ் போனது. எந்தக் குழியில் எதைப் போட்டாலும் ‘நோ டிஸ்க்’. பழைய இரும்புக்காரர் தராசை எடுத்தபோது சித்தப்பா குறுக்கே வந்தார். “மைக்கு வேலை செய்யுதுல்ல?” செய்தது. எடுத்துப்போய்த் தன் தெருப் பிள்ளையார் கோயில் ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டார். எக்கோவைக் குறைக்கச் சொல்லி அர்ச்சகர் கேட்டுப்பார்த்துவிட்டார், நடக்கவில்லை. மார்கழி காலையில் சித்தப்பா ஒரு முறை “பொங்கல் தீர்ந்துபோச்சு” என்றால் தெருவுக்கு நாலு முறை கேட்கும். அப்படியும் வரிசை கலைவதில்லை.