மாம்பழப் புழுவுக்கு மரபணுச் சோதனையா?

கேள்வி: மாம்பழத்தில் புழு இருந்தால் நசுக்கிப் போடாமல், அதற்கு டி.என்.ஏ. சோதனை எதற்கு?

பதில்: நசுக்கிவிட்டால் அதன் பூர்வீகத்தை யார் சொல்வது? பழ ஈப் புழுக்கள் எல்லாம் ஒரே அச்சு: வெள்ளையாக, காலில்லாமல், எடுத்துப் போட்டால் துள்ளும். எந்த இனம் என்று பிரித்தறிய டி.என்.ஏ. உதவும். இனத்தைத் தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2003-ல் கென்யாவில் ஒரு புது ஈ பிடிபட்டது. இலங்கையில் பிடித்த ஈக்களோடு ஒத்துப்போன அதற்கு, 2005-ல் ‘பாக்ட்ரோசெரா இன்வேடன்ஸ்’ என்று தனிப்பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயருக்குப் பயந்தே சில நாடுகள் ஆப்பிரிக்க மாம்பழத்துக்குக் கதவைச் சாத்தின. மரபணு, உடலமைப்பு, இனச்சேர்க்கை என எல்லாவற்றையும் ஒப்பிட்டபின் 2015-ல் உண்மை தெரிந்தது. நம் மாந்தோப்பைப் பாழாக்கும் அதே ‘பாக்ட்ரோசெரா டோர்சாலிஸ்’தான்! ஆண் ஈக்களை இழுக்கும் மெத்தில் யூஜினால் பொறி இரண்டு கண்டத்திலும் வேலை செய்கிறது. உங்கள் தோப்பிலும் காய் முற்றுவதற்கு முன்பே கட்டிவிடுங்கள்.