கொற்கைக் கடலுக்கு வந்த நல்ல புத்தி

இருள்நேர அறிவுரைகளை எழுதி வெளியிடும் மேன்மை தங்கிய அலுவலகத்தின் சமூகத்துக்கு, கொற்கை வட்டாரத்தில் விடியுமுன் சாலையில் ஓடுகிறவர்கள் சார்பில் பணிவுடன் எழுதிக்கொள்வது.

தங்கள் புதிய அறிவிப்புப் பலகை கண்டோம், மெய்சிலிர்த்தோம். ‘பொதுமக்கள் இருள் நேரத்தில் தனியாக நடப்பதையும் ஓடுவதையும் தவிர்க்கவும்’ என்று நீலப் பலகையில் வெள்ளை எழுத்து. வாசகத்தைவிட அதை மாட்டிய இடம் அழகு: பல்பு போய்ப் பல மாதமான தெருவிளக்குக் கம்பம். பகலில் போகிறவர்களுக்குப் பலகை தெரியும், ஆனால் அறிவுரை தேவையில்லை. இருட்டில் ஓடுகிறவர்களுக்கு அறிவுரை தேவை, ஆனால் பலகை தெரியாது. தாமிரபரணிக் கரையில் இது எந்தச் சாலை என்று எழுதப்போவதில்லை. எழுதினால் பலகையைக் கழற்றுவீர்கள், பல்பைப் போட மாட்டீர்கள்.

தங்கள் அறிவுரையை முதன்முதலில் சிரமேற்கொண்டது இந்த ஊர்க் கடல்தான் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்னால் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பிலும், பிறகு தாலமியின் நூலிலும் இடம்பெற்ற பாண்டியர் முத்துத் துறைமுகம் கொற்கை. இன்றைக்கு அங்கே நின்றால் கண்ணுக்கு எட்டும் தூரம் வாழையும் நெல்லும்தான். கடல் ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. ஆறு கொண்டுவந்த வண்டலால் கரை விலகியது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கு என்னவோ, அந்தக் காலத்திலேயே யாரோ ஓர் அதிகாரி ‘அலைகள் கரைப்பக்கம் வருவதைத் தவிர்க்கவும்’ என்று கம்பம் நட்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. கடல் நல்ல பிள்ளை. தவிர்த்துவிட்டது. நாங்கள் அவ்வளவு நல்ல பிள்ளைகள் இல்லை.

காரணத்தைத் தாங்களே அறிவீர்கள், ஏனென்றால் ஓடச் சொன்னதே அரசுதான். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில். ராணுவத்துக்கு அக்னிவீரராகப் போக நினைப்பவர் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடினால்தான் முழு மதிப்பெண். ஏழு நிமிடம் எட்டரை ஆனதற்கு எந்த வாரியமும் வெளிச்சமின்மையைக் காரணமாக ஏற்காது. வயல்வேலைக்கும் கடைவேலைக்கும் கல்லூரிக்கும் போகிற பிள்ளைகளுக்கு மிச்சமிருக்கும் நேரம் காலை நாலரையிலிருந்து ஆறு. மார்கழி, தையில் இங்கே ஆறரை வாக்கில்தான் சூரியன் எட்டிப்பார்க்கும். பங்குனி, சித்திரையில் எட்டு மணிக்கே தார் கொதிக்கும். வேலைக்கு ஆகாத, வயதான, சர்க்கரை ஏறிய மற்றவர்களை 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் பாதையில் நடக்க அழைத்திருக்கிறது. ஆக, ஒரு துறை ஓடு என்கிறது, ஒரு துறை நட என்கிறது, தாங்கள் மட்டும் வீட்டில் இரு என்கிறீர்கள். இதில் கடைசியாகச் சொன்னதற்குத்தான் செலவு குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இந்தக் கரையில் ஆபத்தான வேலை புதிதல்ல என்பதால் பழைய நடைமுறை ஒன்றை நினைவூட்டலாம். முத்துக்குளிக்கிறவன் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குவான், தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். சுறா பயம் உண்டு. ‘சுறா உள்ள நேரத்தில் குளிப்பதைத் தவிர்க்கவும்’ என்று யாரும் பலகை வைக்கவில்லை. சுறாவின் வாயைக் கட்ட மந்திரக்காரர்களை வைத்தார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி என்று எழுதியிருக்கிறார். கடல்கட்டி என்ற பெயரில் ஆங்கிலேயர் காலத்திலும் அந்தப் பணி தொடர்ந்தது. மந்திரம் பலித்ததா என்பது வேறு விஷயம். சுறா யார் பொறுப்பு என்பதில் அன்றைய அரசுக்குக் குழப்பம் இல்லை, அதுதான் விஷயம். மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார், அதைப் படித்தபோது தங்கள் நினைவுதான் வந்தது: அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தான். இரவானால் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்கள், மீன் தன் இஷ்டத்துக்குத் திரியலாம். எழுநூறு ஆண்டு மரபைத் தாங்கள் கட்டிக்காத்து வருவதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

தங்கள் அறிவுரைகள் தவறு என்று சொல்ல வரவில்லை. காதில் இயர்போன் வேண்டாம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக ஓடு, வெளிர் நிறச் சட்டை போடு, எந்த வழி என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போ: எல்லாம் கேட்க வேண்டியவையே. இன்னும் ஒன்று நாங்களே சேர்க்கிறோம். ஒளிரும் பட்டையை முதுகில் ஒட்டுவதைவிடக் கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டுவது மேல். ஆடும் கால்களைப் பார்த்தால்தான் ஓட்டுநரின் கண், இது மைல்கல் இல்லை, மனிதர் என்று சட்டென்று கண்டுகொள்ளும். ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாழைத்தார் லாரி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் அது ஓடுகிறவரைத் தாண்டியிருக்கும், அல்லது தாண்டாமல் இருக்கும். அந்த நேரத்தில் ஓரமாக ஒதுங்கலாம் என்றால் தாருக்கு அடுத்தது கருவேல முள், அதற்கு அடுத்தது வாய்க்கால், வாய்க்கால் கரையில் விரியன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 கணக்கில் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் நடந்து சென்றவர்கள் 32,825 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று முதலிடத்தில் நின்றது நம் மாநிலம். இறந்தவர்களில் எத்தனை பேர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள் என்ற பட்டியல் தங்களிடம் இருந்தால் தெரிவிக்கவும்.

நாய் விஷயத்திலும் தங்கள் அறிவுரை இலக்கியத் தரமானது: ‘தெருநாயைக் கண்டால் ஓடாதீர்கள்.’ ஓட்டப்பயிற்சிக்கு வந்தவர் இதை எப்படிக் கடைப்பிடிப்பது என்று ஒரு விளக்கக் கடிதம் அனுப்பினால் நல்லது. 2024-இல் மட்டும் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் ஏறத்தாழ 4.8 லட்சம். நிற்பதற்கு இடமிருந்த எவரும் நின்றுதான் பார்த்திருப்பார்கள்.

‘தனியாக’ என்ற சொல்லில் தாங்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு வருகிறோம். சாமானியன் அஜாக்கிரதையாகப் போனதால்தான் ஆபத்து வந்தது என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. முன்னாள் அமைச்சர் தா. கிருட்டிணன் 2003 மே 20 அன்று மதுரையில் காலை நடையின்போது வெட்டிக் கொல்லப்பட்டார். 2012 மார்ச் 29 அன்று திருச்சியில் நடைப்பயிற்சிக்குப் போன தொழிலதிபர் ராமஜெயம் பிணமாகத்தான் கிடைத்தார். தன்பாத் நீதிபதி உத்தம் ஆனந்த் 2021 ஜூலை 28 அதிகாலையில் சாலையோரமாக மெதுவோட்டம் போய்க்கொண்டிருந்தபோது ஓர் ஆட்டோ வேண்டுமென்றே அவர் பக்கம் திரும்பி மோதிக் கொன்றது. அவர் ஓரமாகத்தான் ஓடினார், அங்கே கேமரா இருந்தது, அது முழுவதையும் பதிவு செய்தது. சரியாக ஓராண்டு கழித்து, ஆட்டோவில் வந்தவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பும் வந்தது. கேமரா சாட்சி சொல்லும், குறுக்கே வந்து நிற்காது. அமைச்சராக இருந்தவருக்கும் நீதிபதிக்கும் கிடைக்காத பாதுகாப்பை எங்கள் ஏரல் பக்கத்துப் பையன் ‘தவிர்க்கவும்’ என்ற ஒரு சொல்லிலிருந்து பெற்றுக்கொள்வான் என்று எதிர்பார்ப்பது அவனுக்குப் பெருமைதான்.

பெண்களுக்குத் தாங்கள் தனிக் கவனம் செலுத்துவது நாடறிந்தது. கூட்டமாகப் போ, நகை போடாதே, இருட்டான இடத்தைத் தவிர். கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனைக் கொடூரத்துக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் அசாமின் சில்சார் மருத்துவக் கல்லூரி தன் பெண் மருத்துவர்களுக்கு இதே போல ஓர் அறிவுரையை அனுப்பி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது. இரவுப் பணியிலிருந்து பெண்களை விலக்கப் பார்த்த மேற்கு வங்க அரசை அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் கண்டித்தது: பாதுகாப்புக் கொடுப்பது உங்கள் வேலை, பெண்கள் இரவில் வேலை செய்யக்கூடாது என்று சொல்வது உங்கள் வேலை அல்ல என்பது அதன் சாரம். காவலன் எஸ்.ஓ.எஸ். செயலியைச் சொல்வீர்கள். ஆபத்தில் போனை உலுக்கினாலே தகவல் போய்விடும் என்றார்கள். ஓடுகிற பெண்ணின் கையில் போன் வேறென்ன செய்துகொண்டிருக்கும்? அவள் அடி எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் அபயக்குரல்தான். அது போகட்டும். காவலர் ஆவதற்காக ஓடுகிற பெண்ணிடம், ‘இந்த நேரத்தில் உனக்கு ரோட்டில் என்ன வேலை’ என்று கேட்க உங்களுக்கு வெட்கமாக இல்லையா? அவளைத் துரத்தியவன், இடித்தவன், வண்டியை மெதுவாக்கிக் கூடவே ஓட்டி வந்தவன், இவர்களில் ஒருவனுக்காவது இதுவரை ஒரு பலகை எழுதியிருக்கிறீர்களா? ‘பெண்களைப் பின்தொடர்வதைத் தவிர்க்கவும்’ என்று எழுத நீலப் பெயின்ட் தீர்ந்துவிட்டதா?

மன்னிக்கவும். தங்கள் சமூகத்தில் குரல் உயர்ந்துவிட்டது. விடியாத வேளையில் அடித்தொண்டை இப்படித்தான்.

எல்லாச் சாலைக்கும் விளக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா என்று தாங்கள் கேட்பது காதில் விழுகிறது. அப்படி நாங்கள் கேட்கவில்லை. ஓடுகிறவர்கள் ஊர்சுற்றிகள் இல்லை, தினமும் ஒரே வழி, ஒரே நேரம். எந்த ஊரில் எந்த ஒரு கிலோமீட்டர் என்று டீக்கடையில் பால் காய்ச்சுகிறவரைக் கேட்டால் சொல்லிவிடுவார். அந்த ஒரு கிலோமீட்டருக்கு, நாலரையிலிருந்து ஆறரை வரை, எரிகிற பல்பு. பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்குக்குப் போகலாமே என்பது அடுத்தது. கொற்கையிலிருந்து அது நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அங்கே ஓடி முடித்துத் திரும்பினால் அன்றைய கூலி போய்விடும். வெளிச்சம் மட்டும் போதுமா என்ற மூன்றாவது கேள்வி நியாயமானது. நியூயார்க்கில் 2016-இல் அரசுக் குடியிருப்புகள் சிலவற்றில் தற்காலிக விளக்குக் கோபுரங்களை வைத்துப் பார்த்தபோது, திறந்தவெளியில் இரவில் நடக்கும் கடுங்குற்றங்கள் சுமார் 36 விழுக்காடு குறைந்தன. மிச்சம் அறுபத்து நான்கு இருக்கிறதே என்றால், அதற்கும் வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் சர்ரே காவல்துறை 2025-இல் பெண் காவலர்களையே ஓட்ட உடையில் சாலையில் ஓடவிட்டது. ஒரு மாதத்தில் 18 பேர் கைது. ஓடத் தெரிந்த காவலர்கள் நம்மிடம் குறைவா என்ன? ஏழு நிமிடக் கணக்கில் எடுத்துத்தானே சேர்த்திருக்கிறீர்கள்!

தங்களால் முடியாது என்று நாங்கள் ஒருபோதும் சொல்லமாட்டோம். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களை இதே சாலைகளில் பார்க்கிறோம். ராத்திரி முழுக்க நடக்கிறார்கள். ‘முருகனைத் தவிர்க்கவும்’ என்று தாங்கள் எழுதவில்லை. பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி, கூட்டமான நாளில் ரோந்து அனுப்பி, லாரியை மெதுவாகப் போகச் சொல்கிறீர்கள். பக்தனுக்குத் தெரிந்த சாலை, தேர்வு எழுதுகிறவனுக்கு மட்டும் காணாமல் போவதில்லை. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதை என்பது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 14 அன்று சொல்லியிருக்கிறது. ஏரல் சாலையில் அந்த உரிமையின் அகலம் முள்ளுக்கும் தாருக்கும் நடுவே ஒரு செருப்பளவு. அளந்து பார்க்க ஓர் அலுவலரை அனுப்புங்கள். காலை ஐந்து மணிக்கு அனுப்புங்கள். தனியாக வேண்டாம்.

கொற்கைக் கடலை மறுபடி ஒருமுறை இழுப்பதற்குப் பொறுத்தருளவும். அது ஒதுங்கிப் போனதால் ஊருக்குப் பாதுகாப்பு வந்ததோ இல்லையோ, துறைமுகம் போயிற்று. எங்கள் பிள்ளைகளும் தங்கள் சொல்படி ஒதுங்கினால் அடுத்த தேர்வில் இந்தக் கரையிலிருந்து மைதானத்துக்கு வர ஆள் இருக்காது. ஆகவே பல்பு ஒன்று வேண்டி இந்த விண்ணப்பம்.

இப்படிக்கு,
தங்கள் அறிவுரையின்படி இன்றும் ஓரமாகவே ஓடியவர்கள்

பி.கு.: தெருவிளக்குப் புகாருக்குக் கம்ப எண் கட்டாயம் என்று மனுவைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பகலில் போய்த் தேடிப் பார்த்தாயிற்று. எண் எழுதிய இடத்தின் மேல்தான் தங்கள் பலகையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.