பிரெஞ்சு படிக்காத பெரும்பேறு

இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள கற்பிட்டி, தலவில, புத்தளம், சிலாபம் பற்றி எழுதும் எங்கள் வரலாற்றுப் பெருமக்களைப் பாராட்ட வாய் ஒன்று போதாது. பக்கத்துக்கு ஐந்து அடிக்குறிப்பு, ஐந்தும் வேறொருவர் அடிக்குறிப்பில் இருந்து எடுத்தவை. முன்னவர் ஆண்டைப் பிழையாக எழுதியிருந்தால் அந்தப் பிழையையும் ஓர் எழுத்தும் சிதறாமல் காப்பாற்றித் தருவார்கள். குருபக்தி என்றால் இதுதான்.

ஆதாரம் எங்கே என்கிறீர்களா? மார்சேய் ஆயர் யூஜின் டி மசெனட் அனுப்பிய அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் 1847 முதல் இலங்கைக்கு வந்தார்கள். பின்னாளில் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஆயராக இருந்த பொன்ஜீன் ஆண்டகை உட்படப் பலர் பிரெஞ்சுக்காரர். சனத்துக்குத் தமிழில் பிரசங்கம் வைத்தார்கள், மேலிடத்துக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதினார்கள். 1862 முதல் சபையின் இதழே அவற்றில் பலவற்றை அச்சிட்டது. சபையின் தலைமைக் காப்பகம் உரோமையில் இருக்கிறது. நல்லவேளை, பெரும்பாலும் பிரெஞ்சு. தமிழிலோ ஆங்கிலத்திலோ இருந்திருந்தால் வாசிக்காமல் விட என்ன சாட்டுச் சொல்வது?

இணையத்தில் தேடும் அழகைச் சொல்ல வேண்டும். கற்பிட்டியின் இன்றைய பெயரான ‘கல்பிட்டிய’வை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். அந்தக் காலத்து ஐரோப்பியர் எழுத்தில் அது ‘கல்பெந்தின்’, புத்தளம் ‘புட்லாம்’. ஒன்றும் வராது. உடனே கட்டுரையில் ஒரு வரி: “இக்காலத்துக்கு ஆவணங்கள் இல்லை.” உப்புக்காற்றில் ஊறிய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கரையான் தின்று முடிக்கக் கொஞ்சக் காலமாவது எடுக்கும். இவர்களுக்கு அரை நிமிசம் போதும்.

தப்பித்தவறி ஒருவர் பழைய இதழைத் திறந்தாலும் அந்தக் கள்ளமற்ற மனம் கையெடுத்துக் கும்பிட வைக்கும். லியோனில் 1868இல் தொடங்கிய ‘லே மிசியோன் கத்தோலிக்’ வார இதழ் மிஷனுக்குக் காசு கொடுப்பவர்கள் வாசித்தது. காசு கொடுப்பவருக்குக் காட்டும் கடிதத்தில் குருமார் தங்களுக்குள் பட்ட மனத்தாங்கல் இருக்குமா, கையெழுத்துப் பிரதியில் வேறு ஏதும் இருக்குமா என்ற கெட்ட எண்ணமே அவருக்கு வராது.

இதில் ஊருக்கு விளைந்த நன்மையும் சிறிதல்ல. நீர்கொழும்பு முதல் சிலாபம் வரை இன்று சிங்களம் பேசும் எத்தனையோ கரையோரக் குடும்பங்களின் முன்னோர் தமிழில் செபம் சொன்னவர்கள். எந்தக் கோவிலில் எந்த ஆண்டுவரை எந்த மொழியில் பிரசங்கம் நடந்தது என்பதைக் குருமாரின் கடிதத்தையும் பங்குப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓரளவு பிடிக்கலாம். பிடித்துவிட்டால் அந்தக் குடும்பங்கள் தமிழா சிங்களமா என்று மேடையில் இரு தரப்பும் தொண்டை கிழியக் கத்துவது எப்படி? அந்தக் கலையை அழியாமல் காத்தவர்கள் இவர்கள்.

அடுத்த மாதம் இன்னொரு நூல் வெளியீடு. அட்டையிலேயே “முதன்மை ஆதாரங்களுடன்” என்று போட்டிருக்கிறார்கள். பொன்னாடை வாங்கி வைத்துவிட்டேன்.