பதினைந்து நாளில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்ப்பது எப்படி? நியூ லின் வாசிகளுக்கு ஒரு கையேடு

முதலில் குழுவுக்கு ஒரு பெயர் வேண்டும். நாம் போகும் தமிழ்நாட்டுக் கிளினிக் எந்த ஊரில் இருக்கிறது, அங்கே யார் வைத்தியம் பார்க்கிறார்கள், என்ன குறைகிறது என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'ஒளி', 'நம்பிக்கை', 'கரங்கள்' ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டைச் சேர்த்தால் பெயர் தயார். அந்தப் பெயரை டீ-ஷர்ட்டில் அச்சடியுங்கள். முதுகில் நியூசிலாந்து வரைபடம் இருப்பது அவசியம். காய்ச்சலில் கிடப்பவர்களுக்கு நாம் எங்கிருந்து வந்திருக்கிறோம் என்று தெரிய வேண்டாமா?

அடுத்தது நிதி. ஆக்லாந்தின் நியூ லின் பேட்டையில் சனிக்கிழமைக்கு ஒரு ஹாலைப் பிடித்து, இரண்டு தோசைக் கல், ஒரு வடைச் சட்டி, குலுக்கல் சீட்டு என்று ஏற்பாடு செய்யுங்கள். குலுக்கல் பரிசாக ஒரு பழைய கிரவுன் லின் கோப்பையை வைத்தால் வெள்ளைக்காரர்களும் வருவார்கள். இந்தப் பேட்டையின் களிமண்ணில் வளர்ந்து 1989-ல் மூடிப்போன பீங்கான் ஆலை அது. அதன் கோப்பைக்கு இங்கே இன்னும் மவுசு உண்டு. சமையலை மாமிகளிடம் விட்டுவிடுங்கள். அவர்கள் இல்லாமல் ஆக்லாந்தில் எந்தத் தமிழ் நற்பணியும் நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

வசூலான பணத்தில் முதல் செலவு விமானச் சீட்டு. சென்னைக்கு நேர் விமானம் கிடையாது, சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ மாற வேண்டும். போக வர ஆளுக்குச் சுமார் 2,000 டாலர் என்று வையுங்கள். பத்துப் பேருக்கு 20,000. அந்தப் பணத்தில் அங்கே ஒரு நர்ஸுக்கு எத்தனை வருடம் சம்பளம் கொடுக்கலாம் என்று கணக்குப் போடும் ஆள் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரைப் பொருளாளர் ஆக்கிவிடாதீர்கள்.

மருந்து சேகரிப்பது சுலபம். தெரிந்த வீடுகளின் அலமாரிகளைத் திறக்கச் சொன்னால் போதும். பாதி தின்ற ஆன்டிபயாடிக் அட்டை, போன குளிர்காலத்து இருமல் டானிக், எதற்கு வாங்கினோம் என்றே மறந்துபோன களிம்பு என்று இரண்டு பெட்டி நிரம்பிவிடும். உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே மருந்து நன்கொடைக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டு, 2010-ல் திருத்தியும் இருக்கிறது. பெறுகிறவர் கேட்ட மருந்தாக இருக்க வேண்டும். போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டு மிச்சமிருக்க வேண்டும். நோயாளிகள் திருப்பிக் கொடுத்த மருந்து கூடாது. லேபிள் அங்குள்ளவர்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். தயவுசெய்து இதைப் படிக்காதீர்கள், பெட்டி காலியாகிவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் அச்சே பகுதியில் சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் இருபது லட்சத்துக்கும் குறைவு. நூற்றுக்கணக்கான டன்னை அழிக்க வேண்டியதாயிற்று, அதற்குத் தனியாகச் செலவு வேறு.

ஈ.சி.ஜி. மெஷின் ஒன்றையும் கொண்டுபோங்கள். அங்கேயும் இங்கேயும் மின்சாரம் அதே 230 வோல்ட்தான். பிளக் மட்டும் சேராது: நம்முடையது சாய்ந்த தட்டைக் கால், அவர்களுடையது உருண்டைக் கால். அடாப்டர் மலிவாகக் கிடைக்கும். மெஷினுக்கு வேண்டிய காகிதச் சுருளும் உதிரி பாகமும் எந்த விலைக்கும் கிடைக்காது. அதனால் என்ன? துணி போர்த்தி மூலையில் வைத்தால் வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைக்க ஆகும்.

கிளினிக்கைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனம் தேவை. தருமபுரி மாவட்டத்து சிட்லிங்கிப் பக்கம் போய்விடாதீர்கள். டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதி 1993-ல் அங்கே ஒரு கூரைக் கொட்டகையில் ஆஸ்பத்திரி ஆரம்பித்தபோது, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வெளியூர் ஆட்களுக்குக் காத்திருக்காமல், அந்த மலைக் கிராமப் பெண்களுக்கே சொல்லிக்கொடுத்தார்கள். பிரசவம் பார்ப்பதும், ஊசி போடுவதும், ஆபரேஷன் தியேட்டரில் கூட நிற்பதும், கிராமம் கிராமமாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பதும் அவர்கள்தான். குழந்தை இறப்பு மளமளவென்று இறங்கியது. இப்படிப்பட்ட இடத்தில் பதினைந்து நாளுக்கு வந்த நமக்கு என்ன வேலை இருக்கும்? சுவருக்கு வெள்ளையடிக்கக்கூட உள்ளூரில் ஆள் இருக்கும்.

இன்னொரு ஆபத்து நம் நாட்டுக்காரரே. வெலிங்டனில் பிறந்த டாக்டர் எட்ரிக் பேக்கர் 1979-ல் வங்கதேசம் போனார். டாங்காயில் மாவட்டம் மதுபூர் காட்டோரம் கைலாகுரி என்ற கிராமத்தில் மண் வீடுகளில் ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார். ஏழைகளுக்கு ஏழைகளே வைத்தியம் பார்ப்பது என்பதுதான் அங்கே ஏற்பாடு: அதிகம் படிக்காத கிராமத்து இளைஞர்களைப் பழக்கி, சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் கணக்கு வரை அவர்கள் கையில் விட்டார். வங்காள மொழி கற்றார், தரையில் படுத்தார், 'டாக்டர் பாய்', அதாவது டாக்டர் அண்ணன், என்றே அழைக்கப்பட்டார். 2014-ல் வங்கதேசக் குடியுரிமை கொடுத்தார்கள். 2015 செப்டம்பர் 1-ல் அங்கேயே இறந்தார். 35 வருடத்துக்கு மேல்! நம் திட்டமோ பதினைந்து நாள், அதிலும் மூன்று நாள் தி.நகருக்குப் போய்விடும். இவரை எங்கேயும் உதாரணம் காட்டாதீர்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கதையையும் குழுவில் யாருக்கும் சொல்ல வேண்டாம். கண்புரை நோயாளிகளுக்கு வைக்கும் லென்ஸுக்கு அவர்களும் ஒரு காலத்தில் நன்கொடையை எதிர்பார்த்திருந்தவர்கள்தான். வெளிநாட்டு லென்ஸின் விலை நூறு டாலருக்கு மேல். வந்த நண்பர்கள் இன்னும் இரண்டு பெட்டி லென்ஸ் கொடுத்துவிட்டுப் போகாமல், செய்யும் வித்தையைக் கொண்டுவர உதவினார்கள். 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்கூடம் பிறந்தது. விலை பத்து டாலருக்குக் கீழே வந்தது. நம் டுனீடினில் பிறந்த கண் டாக்டர் பிரெட் ஹாலோஸுக்கும் அதே புத்தி. எரித்ரியாவிலும் நேபாளத்திலும் லென்ஸ் தொழிற்கூடம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கொடுக்கிறவரைத் தேவையில்லாதவராக ஆக்கிவிடும் வேலை இது.

ஆகவே முகாம் போடுங்கள். ஒரே நாளில் முந்நூறு பேருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை. எண்ணிக்கைதான் அறிக்கைக்கு அழகு. வந்தவர் எங்கே போய்த் தொடர்ந்து பார்ப்பார் என்பது அறிக்கையில் வராது.

"பாட்டி, உங்களுக்குச் சர்க்கரை நிறைய இருக்கு."

"அதுக்கு என்ன பண்ணணும் கண்ணு?"

"தினம் மாத்திரை போடணும். ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"இது ஆஸ்பத்திரி இல்லையா?"

இந்த இடத்தில் பதினைந்து நாள் மாத்திரையைக் கையில் கொடுத்து, அடுத்தவரைக் கூப்பிட வேண்டும்.

குழுவில் நர்ஸிங் முதலாண்டு படிக்கும் பெண் யாராவது இருந்தால் தையல் போடச் சொல்லுங்கள். வைடாக்கரே மருத்துவமனையில் விடமாட்டார்கள். முகாமில் யார் கேட்கப்போகிறார்கள்? இந்தியாவில் வெளிநாட்டு டாக்டரே தேசிய மருத்துவ ஆணையத்திடம் தற்காலிக அனுமதி வாங்கித்தான் நோயாளியைத் தொட வேண்டும் என்று சட்டம் பேசுகிறவரைப் பொருளாளர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

போட்டோ மறக்கக்கூடாது. மூக்கொழுகும் குழந்தை, பக்கத்தில் நீங்கள். நியூ லினில் உங்கள் பிள்ளை டாக்டர் அறையில் அழுவதை எவராவது படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால், சுகாதாரத் தகவல் தனியுரிமை விதித்தொகுப்பு 2020 என்று நீங்கள் நியாயம் பேசுவீர்கள். அந்த அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. அதுதான் வசதி.

திரும்பும்போது ஊர்க்காரர்கள் பிரியமாக மலைத்தேன் கொடுப்பார்கள். அதை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். ஆக்லாந்து விமான நிலையத்தில் அறிவிக்காமல் கொண்டுவந்தால் 400 டாலர் அபராதம். இதுவரை சொன்னதில் உள்ளபடியே கடைப்பிடிக்க வேண்டிய ஆலோசனை இது ஒன்றுதான்.

இவ்வளவு சிரமப்பட முடியாதவர்களுக்கு உப்புச்சப்பில்லாத வழி ஒன்று இருக்கிறது. வருடக்கணக்கில் நடந்துவரும் ஒரு கிளினிக்குக்கு, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று ஒரு வரி எழுதிக் கேட்பது. பெரும்பாலும் பதில் சம்பளம், மருந்து, ஆம்புலன்ஸ் டீசல் என்றுதான் வரும். மயக்க மருந்து டாக்டர், பல் டாக்டர், கணக்குப் பார்ப்பவர் வேண்டுமென்றால் அதையும் சொல்வார்கள். அந்தத் தொழில் தெரிந்தவர், அவர்கள் சொல்லும் மாதத்தில், அவர்கள் சொல்லும் காலத்துக்குப் போகலாம். இந்தியாவுக்குப் பணம் அனுப்புவதற்கு முன், அந்த அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புது தில்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். யாருடைய சொந்தக் கணக்குக்கும் போடாதீர்கள். இங்கே வரிச்சலுகை பெற்ற அமைப்பு வழியாகக் கொடுத்தால் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு உங்களுக்கே திரும்பி வரும். வெளிநாட்டில் செலவிடும் அமைப்பென்றால் வருமான வரிச் சட்டத்தின் 32-ஆம் அட்டவணையில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் இருபது டாலர் என்று வங்கி ஆப்பில் ஒருமுறை பதிந்தால் போதும். டீ-ஷர்ட் கிடைக்காது. தோசைக் கடையை நிறுத்த வேண்டாம், மாமிகள் கோபித்துக்கொள்வார்கள். அந்த வசூலையும் அதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.